கடன் கொடுத்தவர் கைகட்டி நிற்பதா?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்ன பெரியவர் நிச்சயம் சொந்த வீட்டுக்காரராகத்தான் இருந்திருப்பார். வாடகை வீட்டில் குடியிருந்தவர் என்றால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்: "ஒத்தியைப் புதுப்பித்துப்பார்!"

மலர்க்குழு அண்ணன்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது பெண்கல்வி, சுற்றுச்சூழல், இளைஞர் கையில் இந்தியா என்று மூன்று தலைப்புகளைச் சொன்னார்கள். மூன்றும் நல்ல தலைப்புகள்தான். போன வருட மலரிலும் நன்றாகவே இருந்தன. ஆனால் தோழர்களே, தோழிகளே, எங்கள் வீட்டில் கடந்த ஆறேழு மாதமாக இந்தியாவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒத்தியைப் பற்றித்தான் பேச்சு. சாப்பிடும்போது ஒத்தி, படுக்கும்போது ஒத்தி, சொந்தக்காரர் வந்தால் அவரிடமும் ஒத்தி. நம் வகுப்பில் பாதிப்பேர் வீட்டிலும் இதே பாட்டுதான் என்று விசாரித்ததில் தெரிந்தது. ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒத்தி என்றால் என்ன என்று ஹாஸ்டலில் இருக்கிற சில பேர் கேட்கலாம். சென்னையில் இதையே 'லீஸ்' என்பார்கள். சில ஊர்களில் போக்கியம். எங்கள் மதுரையில் ஒத்தி. வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. கரண்ட் பில்லும் தண்ணீரும் நம் பாடு. இரண்டு வருடமோ மூன்று வருடமோ கெடு. கெடு முடிந்து சாவியைக் கொடுத்தால் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். அவருக்கு வட்டியில்லாத பணம், நமக்கு வாடகையில்லாத வீடு.

கேட்கிறதுக்கு இனிப்பாகத்தான் இருக்கும். "வாடகையே இல்லையாம்ல!" என்று சொந்தபந்தமெல்லாம் வாய் பிளக்கும். அந்த மொத்தப் பணம் எங்கிருந்து முளைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. 2019 ஆவணியில் செல்லூரில் இந்த வீட்டுக்கு வரும்போது நாங்கள் கொடுத்தது இரண்டரை லட்சம். அம்மாவின் செயின் ஒன்று, அப்பா எடுத்த ஏலச்சீட்டு, மாமா கொடுத்தது கொஞ்சம், மிச்சம் ஒரு லட்சம் இரண்டு வட்டிக்கு. இரண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஒரு லட்சத்துக்கு மாதம் இரண்டாயிரம். ஆக, வாடகையில்லாத வீட்டுக்கு மாதாமாதம் இரண்டாயிரம் ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். செயின் போன வட்டியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அம்மா வருத்தப்படுவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏற்பாட்டில் யார் யாருக்குக் கடன்காரர்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பணம் கொடுத்தவர் நாம். வாங்கியவர் வீட்டுக்காரர். திருப்பிக் கொடுக்கவேண்டியவரும் அவரே. வட்டிக்குப் பதிலாக வீட்டை நம் அனுபவத்தில் விட்டிருக்கிறார். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் அடமான வகைகளைச் சொல்லும்போது, சொத்தைச் சுவாதீனம் கொடுத்து, அதன் வருமானத்தை வட்டிக்கு ஈடாக அனுபவிக்க விடுகிற அடமானம் என்று ஒன்று தனியாகவே உண்டு. நாம் ஒத்தி, போக்கியம் என்கிறதெல்லாம் அதுதான். அடமானம் வைத்தவர் வீட்டுக்காரர். அடமானம் பிடித்தவர் யார் தெரியுமா? கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிற என் அப்பா!

ஆனால் நடைமுறை எப்படி? ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டையை அசராமல் முதுகில் ஏற்றுகிற அப்பா, வீட்டுக்காரர் படியேறி வந்தால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். "உக்காருங்கண்ணே" என்று இருக்கிற ஒரே நாற்காலியைப் போடுவார். அம்மா காபிக்குப் பால் வாங்கப் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்கள். கடன் வாங்கினவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, கடன் கொடுத்தவர் நின்றுகொண்டிருக்கிறார். வேறு எந்தக் கடனிலாவது இப்படி உண்டா? இரண்டு வட்டிக்காரரிடம் அப்பா போகும்போது அவர் எழுந்து நாற்காலி போடுவாரா?

இதற்குக் காரணம் வெறும் பயமில்லை என்பது என் கருத்து. வார்த்தையிலேயே இருக்கிறது. அவர் 'வீட்டுக்காரர்', நாம் 'குடியிருக்கிறவர்கள்'. 'பணக்காரர்' என்று நம்மை யாரும் சொல்லப்போவதில்லை, பணம் நம்முடையதாக இருந்தாலும்! கெடு முடியும் சமயத்தில் அப்பா சொல்வது, "அண்ணே, இன்னும் மூணு வருசம் பாத்துப் போட்டுக் குடுங்கண்ணே" என்பது. போட்டுக் கொடுப்பதா? பணத்தைத் திருப்பித் தர அவகாசம் கேட்கவேண்டியவர் அவரல்லவா!

சரி, கெடு முடிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு வீடு போகவேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் ஒத்தியின் சூட்சுமம் இருக்கிறது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார் என்று நினைக்காதீர்கள். மாடி கட்டியிருப்பார், மகளைக் கட்டிக் கொடுத்திருப்பார், பழைய கடனை அடைத்திருப்பார். வேண்டியிருந்ததால்தான் ஒத்திக்கே விட்டார். எனவே நமக்குத் திருப்பித் தர அவருக்கு இருக்கிற ஒரே வழி, அடுத்த ஒத்திக்காரரைப் பிடிப்பது. அவர் கொடுக்கிற பணம் நம் கைக்கு வரும். அவருக்குத் தர, அவருக்கு அடுத்தவர் வரவேண்டும். இப்படி ஒரு தலையை எடுத்து இன்னொரு தலையில் வைத்துக்கொண்டே போவது. நடுவில் ஒரு ஆள் கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். அப்போது வீட்டுக்காரர் கூசாமல் சொல்வார்: "நீங்களே ஒரு ஆள் புடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் இப்படித்தான், ஊருக்கே திரும்பிப் போகலாம் என்று முடிவெடுத்து, பிள்ளைகளின் டி.சி.யும் வாங்கியபிறகு எட்டு மாதம் காத்திருந்தார்கள். ஆக, ஒத்திப் புதுப்பிப்பு என்று நாம் சொல்வதில் பாதி, நாம் விரும்பிப் புதுப்பிப்பது இல்லை. பணம் வராததால் உட்கார்ந்திருப்பது. அதற்கும் மேலே கொஞ்சம் பணம் கேட்பார்கள்!

எங்கள் கதையும் அதுதான். 2022 ஆவணியில் முதல் கெடு முடிந்தது. ஐம்பதாயிரம் கூட வேண்டும் என்றார். அப்பா புரட்டிக் கொடுத்தார். மொத்தம் மூன்று லட்சம் ஆயிற்று. எதில் எழுதியது? எதிலும் இல்லை. காபி குடித்தார், "நமக்குள்ள என்ன" என்றார், போய்விட்டார். பத்திரம் இரண்டரை லட்சத்திலேயே நின்றது. கெடு 2022 என்றே நின்றது. அந்தப் பத்திரம் அரிசிப் பானைக்கு அடியில் பாலிதீன் கவரில் இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு பாலிடெக்னிக் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் காட்டவில்லை.

2025 ஆனியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஒரு லட்சம் கூட. இல்லாவிட்டால் ஆவணிக்குள் காலி. "சரிண்ணே, எங்க மூணு லட்சத்தைக் குடுத்துருங்க, போயிடறோம்" என்று அம்மாதான் உள்ளேயிருந்து சொன்னார்கள். வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். "அவ்வளவு பணத்துக்கு இப்ப எங்கம்மா போறது, ஆள் பாருங்க" என்றார். நான் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "பாப்பா, நீ உள்ள போம்மா, பெரியவங்க பேசிக்கிறோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பத்திரத்தின் கடைசிப் பக்கம் 'சொத்து விவரம்' என்று ஒன்று இருக்கும். தோழர்களே, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அந்தப் பக்கத்தைப் படியுங்கள். சர்வே எண், கதவு எண், நான்கு மால், எந்தச் சார்பதிவகம் எல்லாம் அதில் இருக்கும். இவை கையில் இருந்தால் தமிழகப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று பார்க்கலாம். நான் பார்த்தேன். எங்களுடைய ஒத்தி அதில் இல்லை. பதியாத பத்திரம் எப்படி இருக்கும்? ஆனால் 2021-ல் ஒரு பதிவு இருந்தது. உரிமைப் பத்திரங்களை ஒரு வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன். அதாவது நாங்கள் குடியிருக்கும்போதே, எங்களுக்குத் தெரியாமல், வீடு வங்கிக்கும் அடமானம்.

இதில் என்ன ஆபத்து என்று சொல்லிவிடுகிறேன். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இந்த மாதிரி அடமானம் பதிவு செய்யப்பட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் இருக்கவேண்டும் என்பது சட்டம். நூறு ரூபாய்! மூன்று லட்சத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் பதிய யாரும் போவதில்லை. முத்திரைச் செலவு தொகைக்குத் தகுந்தபடி ஏறும். வீட்டுக்காரருக்கோ வில்லங்கத்தில் நம் பெயர் விழுந்துவிட்டால் விற்கவும் முடியாது, வங்கிக்கும் போக முடியாது. ஆகவே 'வாடகை ஒப்பந்தம்' என்று தலைப்புப் போட்டு ஒரு முத்திரைத்தாளில் எழுதி முடித்துக்கொள்கிறார்கள். நாளைக்கு அவர் வங்கிக் கடனைக் கட்டத் தவறினால், 2002-ல் வந்த சட்டப்படி வங்கி நோட்டீஸ் கொடுத்து, வழக்குப் போடாமலே வீட்டை எடுத்துக்கொள்ள முடியும். அப்போது பதிந்த கடனுக்கு முன்னால் நம் பதியாத காகிதம் எங்கே நிற்கும்? ஒரே வீட்டை இரண்டு மூன்று பேருக்கு ஒத்திக்கு விட்டு ஓடிப்போன கதைகளும் பேப்பரில் படிக்கிறோம்.

அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது தெரியாமலே இருந்திருக்கலாம்மா" என்றார். எனக்கு அது சம்மதமில்லை. தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கி அதே வீட்டில் போட்டிருப்போம்!

வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. மகனுடைய கடைக்காக வாங்கியது, மாதாமாதம் தவணை கட்டுவதாகச் சொன்னார். கட்டவும் செய்கிறார் என்றுதான் நினைக்கிறேன். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். எனக்கு முதல் வருட ஃபீஸ் கட்ட ஆயிரம் ரூபாய் குறைந்தபோது கொடுத்தவர் அவர். நல்ல மனிதரிடம் காகிதம் கேட்பது அவமரியாதை என்று நம் வீடுகளில் நினைக்கிறார்களே, அதைத்தான் நான் ஏற்கமாட்டேன். வங்கிக்காரர் அவரிடம் எத்தனை கையெழுத்து வாங்கியிருப்பார்? அவமரியாதை என்று இவர் எழுந்து வந்துவிட்டாரா?

பதிவு செய்ய அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. எங்களால் நடந்தது இவ்வளவுதான். கூடுதல் பணம் ஒரு பைசா இல்லை. மூன்று வருடம் இல்லை, ஒரே ஒரு வருடம். பழைய பத்திரத்தின் பின்பக்கம், 2022-ல் கொடுத்த ஐம்பதாயிரத்தையும் சேர்த்து மொத்தம் மூன்று லட்சம் தரவேண்டியிருக்கிறது என்று அவர் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். அப்பா வேலை செய்கிற இடத்து மேஸ்திரியும் எதிர்வீட்டு மாமாவும் சாட்சி. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு என்று காலவரம்புச் சட்டம் (1963) சொல்கிறது. அந்தக் கெடு முடிவதற்குள் "ஆமாம், தரவேண்டும்" என்று வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், போட்ட நாளிலிருந்து கெடு புதிதாக ஓடும். வாயால் சொன்னால் ஓடாது. 2022 ஆவணிக் கெடுவுக்கு மூன்று வருடம் நிறைய எங்களுக்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களே மிச்சம் இருந்தன. அப்பாவுக்கு இதைச் சொன்னபோதுதான் பிடி கிடைத்தது. "அப்ப இது பால் மாதிரியா, வச்சிருந்தா கெட்டுப் போகுமா?" என்றார். நான் அதைவிடச் சுலபமாக எங்கும் படித்ததில்லை.

மாத வாடகையில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பவளே கோபித்துக்கொள்வாள். பதினோரு மாத ஒப்பந்தம் ஏன் பதினோரு மாதம்? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908-ம் வருடத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதிலிருந்து தப்ப ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் தமிழ்நாட்டில் 1960-ம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்துவிட்டது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். பதினோரு மாதம் என்றாலும்தான். கெடு முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் என்ற கணக்கில் ஆறு மாதம் வரை தொடரும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும்! பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவர் அதைத்தானே எழுதப் போகிறார்? சட்டம் எழுதியவர் வாடகை வீட்டில் இருந்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பு ஒன்று ட்ரிபிள் ஈ மாணவர்களுக்கு ருசிக்கும். எந்த ரிப்பேர் யாருடையது என்று பிரித்திருக்கிறார்கள். சுவருக்குள் ஓடும் ஒயரிங் வீட்டுக்காரர் பாடு. சுவிட்ச், பிளக் பாயிண்ட் குடியிருப்பவர் பாடு. வெள்ளையடிப்பது அவர், குழாய் வாஷர் நாம். எங்கள் வீட்டில் ஒயரிங்கும் நான்தான் பார்க்கிறேன். எர்த் கம்பியே இல்லாமல் ஐந்து வருடம் ஓடிய வீடு அது. லேபில் படித்த முதல் வருடமே அதைச் சரி செய்தேன். செம்புக் கம்பிக்கான காசை வீட்டுக்காரர் கொடுத்தார், கூலி இன்னும் பாக்கி.

எங்களுக்கு வருகிற ஆவணியில் மறுபடி கெடு. மூன்று லட்சம் வந்தால் வாங்கிக்கொண்டு, மாத வாடகைக்கே ஒரு வீடு பார்ப்பது, கடனை முதலில் அடைப்பது என்பது என் கட்சி. அம்மா பாதிச் சம்மதம். அப்பா இன்னும் "பாப்போம்" என்கிறார். வராவிட்டால் என்ன செய்வது என்று இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்கள் போனால் வருமானச் சான்று கேட்காமலே உதவவேண்டும் என்பது 1987-ம் வருடத்துச் சட்டம். அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப்போகப் போகிறேன்.

உங்கள் வீட்டுப் பத்திரம் எங்காவது அரிசிப் பானைக்கு அடியில் இருந்தால் ஒரு நகல் எடுத்து வாருங்கள். சனிக்கிழமை மதியம் கேன்டீன் பின்பக்க வேப்பமரத்தடியில் நாங்கள் நாலைந்து பேர் இருப்போம். சிவில் டிப்பார்ட்மென்ட் அண்ணன் ஒருவருக்கு சர்வே எண் விவரம் நன்றாகத் தெரியும். வில்லங்கம் பார்க்க ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். கடைசிப் பக்கம் மட்டும் மங்காமல் எடுத்து வாருங்கள், போன வாரம் ஒருத்தன் கொண்டு வந்ததில் சர்வே எண்மேலேயே காபிக் கறை.

— மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை